மலைவீட்டு மரவேலை: இணைப்பு வெட்டுவதா, திருகாணி முடுக்குவதா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் பொழுதுபோக்காக மரவேலை தொடங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வரும். கையில் இருக்கும் காசுக்கு உளியும் ரம்பமும் வாங்கி இணைப்பு வெட்டப் பழகுவதா (மரத்தையே ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி வெட்டிச் சேர்ப்பது), இல்லை டிரில், திருகாணி, துளை சரியான இடத்தில் விழ வழிகாட்டும் ஜிக் என்று வாங்கி அடுத்த ஞாயிறே ஒரு பெஞ்சைச் செய்து முடிப்பதா? சமவெளிக்காரர்களுக்குச் சொல்லப்படும் ஆலோசனை இங்கே அப்படியே பொருந்தாது. நம் பனி வேறு, மழை வேறு, மரக்கடையில் கிடைக்கும் மரமும் வேறு. அதனால் மலையை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் எதை வாங்க வேண்டும்?

ஒரு நல்ல ரம்பம், இரண்டு உளி, ஒரு மூலைமட்டம், ஒரு சாணைக்கல், நான்கு கிளாம்ப். அதோடு ஒரு சாதாரண டிரில். ஜிக், பிஸ்கட் மெஷின் (பலகைகளுக்கு நடுவே பிஸ்கட் எனும் சின்ன மரத்துண்டைச் செருகப் பள்ளம் வெட்டுவது), ரவுட்டர் (மரத்தைக் குடையும் மின்கருவி) எல்லாம் அப்புறம்.

உளிகளில் ஒன்று இரண்டு நூல் அகலம், அதாவது கால் இன்ச். இன்னொன்று முக்கால் இன்ச். இந்த இரண்டை வைத்துக்கொண்டு வீட்டு வேலை பெரும்பாலானதைச் செய்துவிடலாம். உளிக்குச் செலவழிக்கிற காசில் ஒரு பங்கைச் சாணைக்கல்லுக்கு ஒதுக்குங்கள். கடையிலிருந்து வரும் உளி வெட்டுவதற்குத் தயாராக வருவதில்லை; தீட்டினால்தான் அது உளி. தீட்டியது போதுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பைன் மரத் துண்டு ஒன்றின் வெட்டுமுகத்தை, அதாவது நார்கள் முடிகிற நுனிப் பக்கத்தை, மெல்லச் சீவிப் பாருங்கள். சீவிய இடம் வழவழவென்று மின்னினால் உளி சரி. நார்கள் நசுங்கிப் பொடியாக உதிர்ந்தால் இன்னும் தீட்ட வேண்டும். மெதுவான, அதாவது மிருதுவான மரத்தில்தான் மொட்டை உளி சீக்கிரம் மாட்டிக்கொள்ளும்.

கைக்கருவிகளை முன்னால் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது. கைக்கருவி இருந்தால் வேலை நிற்காது.

திருகாணி போட்டுச் செய்தால் அது மட்டமான வேலையா?

இல்லை. இந்த எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். திருகாணி இரண்டு பலகைகளை இழுத்துப் பிடிக்கும். வெட்டிய இணைப்பு எடையைத் தாங்கும், ஆட்டத்தைத் தடுக்கும். பசை இரண்டையும் ஒரே மரமாக ஆக்கும். மூன்றும் மூன்று வேலை. எந்த இடத்தில் எது வேண்டும் என்று பார்ப்பதுதான் கேள்வியே தவிர, எது உயர்ந்தது என்பது கேள்வியல்ல.

இந்த மலையின் பழைய கைவேலையும் அப்படித்தான் இருந்திருக்கிறது. இங்கத்துப் பழங்குடிகளான தோதவர்களின் வளைகூரை வீடுகள் மூங்கிலைப் பிரம்பால் கட்டியே எழுப்பப்பட்டவை. கோத்தர்களோ கொல்லு வேலை, தச்சு வேலை இரண்டையும் செய்தவர்கள். இரும்பு ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம் என்று யாரும் கட்சி பிரித்துக்கொள்ளவில்லை.

என் கணக்கு இதுதான். சுவர் அலமாரி, தொட்டிச் செடி ஸ்டாண்டு, கருவி வைக்கும் பெட்டி, ஒர்க் பெஞ்சு இதற்கெல்லாம் திருகாணி தாராளமாகப் போதும். நாற்காலி, கட்டில் கால், தினமும் இழுத்து மூடும் டிராயர், கதவுச் சட்டம் இவற்றுக்கு இணைப்பு வெட்டத்தான் வேண்டும். நாற்காலியில் உட்காருகிறவர் பின்னால் சாயும் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் நெம்பப்படுகிறது. மரத்துக்குள் திருகாணி கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து துளையைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். பிறகு எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது.

மரம் அசையும் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. மலையில் மரவேலை செய்கிறவர் வேறு எதைக் கற்காவிட்டாலும் இதைக் கற்றாக வேண்டும்.

மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி உப்பும், விட்டுச் சுருங்கும். நீளவாக்கில் இது கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில்தான் எல்லாம். ஓரடி அகலப் பலகை ஒன்று மழைக்கும் கோடைக்கும் நடுவே ஒரு நூல் அளவு, சில மரங்களில் இரண்டு நூல் வரைகூட, கூடிக் குறையும். கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனிலிருந்து கொட்டித் தீர்க்கும். குன்னூரும் கோத்தகிரியும் அக்டோபருக்கு மேல் வடகிழக்கு மழையில் நனையும். அதன்பின் ஜனவரி, பிப்ரவரியில் வறண்ட காற்று. ஒரே வீட்டில் ஒரே பலகை இவ்வளவையும் பார்க்கிறது.

இப்போது அந்தப் பலகையின் குறுக்கே ஒரு சட்டத்தை வைத்து, இரண்டு ஓரத்திலும் திருகாணியால் இறுக்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். சட்டம் நீளவாக்கில் அசையாது; பலகை அகலவாக்கில் சுருங்கப் பார்க்கும். திருகாணி விடாது. வேறு வழியில்லாமல் பலகை நடுவில் வெடிக்கும். மேசைப் பலகைகளில் பார்க்கும் வெடிப்பு பலவற்றுக்கு மரத்தைக் குறை சொல்வார்கள்; குற்றம் அந்த இறுக்கத்தில்தான் இருக்கும்.

பரிகாரம் சுலபம். மேசைப் பலகையைச் சட்டத்தோடு பிடிக்கும் இடங்களில் வட்டத் துளை போடாமல், பலகை அசையும் திசையில் நீட்டுத் துளை போடுங்கள். நடுவில் உள்ள திருகாணியை மட்டும் வட்டத் துளையில் இறுக்கிவிட்டு, ஓரத்தில் உள்ளவற்றை வாஷர் போட்டு, பலகை நகர இடம் கொடுத்து முடுக்குங்கள். மேசைப் பலகைக்குக் கீழே பசை வேண்டவே வேண்டாம். இந்த ஓர் இடத்தில் வெட்டிய இணைப்பையும் பசையையும்விடத் திருகாணிதான் சரியான தேர்வு.

செய்து முடித்ததை மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ அனுப்பப் போகிறீர்கள் என்றால் இன்னும் கவனம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், ஊட்டி ஈரத்தில் கச்சிதமாக உட்கார்ந்த பலகை, கீழே இறங்கினால் கட்டாயம் சுருங்கும்.

இங்கே கிடைக்கும் மரங்களில் எதற்கு எது பொருந்தும்?

சில்வர் ஓக்தான் நமக்கு எளிதாகக் கிடைப்பது. தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்ப்பதால் அறுவை மில்களில் எப்போதும் இருக்கும். உளிக்கு நன்றாக இணங்கும். கதிர்க்கோடுகள் தெரியும்படி அறுத்தால் பார்க்க மிக அழகு. இணைப்பு வெட்டிப் பழக இதைவிட நல்ல மரம் இங்கே இல்லை என்பது என் எண்ணம். இதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். முகமூடியும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், 1843-லேயே இந்த மலைக்கு வந்துவிட்டது. விலை குறைவு, பலம் அதிகம். ஆனால் காயும்போது முறுக்கிக்கொள்ளும், பிளக்கும். ஆணி அடித்தால் வளையும். முதலில் துளை போடாமல் திருகாணி முடுக்கினால் மரம் பிளக்கும், இல்லை திருகாணித் தலை முறியும். வெளியில் போடும் பெஞ்சுக்கு, நன்றாகக் காய்ந்த துண்டு கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

சீகை, அதாவது வாட்டில் மரத்தின் பட்டையில் தோல் பதனிடும் துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. யூகலிப்டஸிலும் அது உண்டு. திருகாணிக் கேள்விக்கு வரும்போது இதை நினைவில் வையுங்கள்.

பைன், சைப்ரஸ் மெதுவான மரங்கள். திருகாணி சுலபமாக இறங்கும், அளவுக்கு மீறி முடுக்கினால் அதே சுலபத்தில் பிடி விட்டுவிடும். டிரில்லின் கிளட்சைக் குறைத்து வைத்து, கடைசிச் சுற்றைக் கையால் முடுக்குவது நல்லது.

மரம் எதுவானாலும் பச்சையாக வாங்கி உடனே இணைப்பு வெட்டாதீர்கள். ஓர் இன்ச் கனத்துக்கு ஒரு வருடம் நிழலில் காய வேண்டும் என்பது பொதுக் கணக்கு. நம் ஈரத்தில் அதைவிடக் கூடும். காய்ந்ததா என்று அறிய ஒரு துண்டை மாதா மாதம் எடை போட்டுப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. தொழில் தெரிந்தவர் வெட்டிய இணைப்பே இந்த மலையில் விலகிப்போவதைப் பார்த்திருக்கிறேன். கைத்திறன் குறைவு என்று நினைத்தால் தவறு. ஈர மரத்தில் வெட்டியதுதான் காரணமாக இருக்கும்.

எந்தத் திருகாணி வாங்குவது? கறுப்புத் திருகாணி மலிவாக இருக்கிறதே?

கறுப்புத் திருகாணி ஜிப்சம் பலகையைப் பிடிக்கச் செய்தது. கடினமாக்கிய எஃகு என்பதால் வளையாது, படக்கென்று முறியும். மேற்பூச்சும் மெல்லியது, பனி படிகிற வராண்டாவில் ஒரு மழைக்காலத்துக்கே துருப்பிடித்துவிடும். எடை தாங்கும் எந்த வேலைக்கும் அது வேண்டாம்.

வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கு ஜிங்க் பூசிய மரத் திருகாணி போதும். வெளியில் வைப்பதற்கும், சீகை, யூகலிப்டஸ் போன்ற துவர்ப்பு மரங்களுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை வாங்குங்கள். விலை கூடத்தான். ஆனால் வெறும் இரும்பும் துவர்ப்பும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பழைய வராண்டா பெஞ்சு ஒன்றிலிருந்து திருகாணியைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். தலையைச் சுற்றி மை கொட்டியதுபோல் நீலக்கறுப்பு வளையம். வெளியே வரும் திருகாணி இடுப்பில் இளைத்து, புரியெல்லாம் கரைந்து, துருப்பொடியாக இருக்கும். துளையின் சுவரை நகத்தால் சுரண்டினால் மரம் மாவாக உதிரும். துரு இரும்பைத் தின்பதோடு நிற்பதில்லை, பக்கத்து மரத்தையும் கெடுக்கிறது. அந்த இடத்தில் மறுபடி பெரிய திருகாணி போட்டும் பயனில்லை.

பித்தளை மெதுவானது. நேரே முடுக்கினால் தலை கழன்று கையோடு வரும். அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் முடுக்கி எடுத்து, புரி விழுந்த துளையில் பித்தளைக்குக் கொஞ்சம் தேன்மெழுகு தடவிக் கையால் முடுக்குங்கள்.

முதலில் துளை போட்டுத்தான் ஆக வேண்டுமா?

ஆமாம், இரண்டு துளை. பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள்.

8-ஆம் நம்பர் திருகாணி என்று வைத்துக்கொள்வோம். மேல் பலகையில் நாலரை மி.மீ. துளை, திருகாணி அதற்குள் தடையில்லாமல் போய் வர வேண்டும். கீழ்ப் பலகையில் மெதுவான மரத்துக்கு இரண்டரை மி.மீ., கடின மரத்துக்கு மூன்று மி.மீ. இங்கேதான் புரி பிடிக்க வேண்டும். மேல் பலகையிலும் புரி பிடித்துவிட்டால், இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அப்படியே நிற்கும். எவ்வளவு முடுக்கினாலும் பலகைகள் ஒட்டாது. திருகாணியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கீழ்ப் பலகைக்குள் இருக்கட்டும்.

பலகையின் வெட்டுமுகத்துக்குள் திருகாணி சரியாகப் பிடிக்காது. நார்களுக்கு நடுவே நுழைகிறதே தவிர, நார்களை வெட்டிக்கொண்டு உட்காருவதில்லை. அந்த இடத்தில் இணைப்பு வெட்டுங்கள். முடியாவிட்டால், குறுக்கே ஒரு டோவல் குச்சியை (உருண்டையான மரக்குச்சி) பதித்து, திருகாணியின் புரி அந்தக் குச்சியில் பிடிக்கும்படி செய்யுங்கள்.

பாக்கெட் ஹோல் ஜிக் வாங்கலாமா?

சமையலறை அலமாரிச் சட்டம், புத்தக அலமாரி என்று நிறையச் செய்யப் போகிறீர்கள் என்றால் வாங்கலாம். பலகைக்குள் சுமார் 15 டிகிரி சாய்வில் துளை போட்டு, அதற்கென்றே உள்ள அகலத் தலைத் திருகாணியால் இழுத்துப் பிடிக்கும் முறை அது. முக்கால் இன்ச் பலகைக்கு ஒன்றேகால் இன்ச் திருகாணி. மெதுவான மரத்துக்குப் பெரிய புரி, கடின மரத்துக்கு நெருக்கமான புரி. பசை காயும் வரை கிளாம்ப் போல அதுவே பிடித்துக்கொள்ளும் என்பது பெரிய வசதி.

வெளியில் வைக்கும் பொருளுக்கு மட்டும் வேண்டாம். அந்தச் சாய்வுத் துளை மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அகலமான மேசைப் பலகையை இந்த முறையில் சட்டத்தோடு இறுக்குவதும் தவறு. காரணம் மேலே சொன்னதுதான்.

டோவல், பிஸ்கட்?

டோவல் மலிவு, நல்ல பலம். துளைகள் இரண்டு பலகையிலும் நேருக்கு நேர் வர வேண்டும் என்பதுதான் பாடு. டோவல் ஜிக்குக்குக் காசு இல்லையென்றால் சென்டர் பாயின்ட் எனப்படும் சின்ன உலோகக் குமிழ்கள் போதும். ஒரு பலகையில் துளை போட்டு அதில் குமிழை வைத்து, மற்றதை அழுத்தினால் புள்ளி விழும்.

பிஸ்கட் 1950-களில் சுவிட்சர்லாந்தில் பிறந்த முறை. அழுத்திய பீச் மரத் துண்டு பசையின் ஈரத்தில் உப்பிப் பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். பலகைகளை மட்டமாக நிறுத்துவதற்கு உதவுமே தவிர, பெரிய பலம் தராது. நம் ஊரில் ஒரு தொல்லை: பிஸ்கட் பெட்டியைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்திலேயே உப்பி, பள்ளத்துக்குள் நுழைய மறுக்கும். டோவல் குச்சியும் அப்படித்தான். இறுக மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள்.

நாக்கு-துளை இணைப்பைக் கற்க எங்கே ஆரம்பிப்பது?

ஒரு சட்டத்தின் நுனியை நாக்குபோல் வெட்டி, மற்றதில் குடைந்த துளைக்குள் நுழைப்பதுதான் இந்த இணைப்பு. முக்கால் இன்ச் கனச் சட்டத்தில் ஆரம்பியுங்கள். கனத்தை மூன்றாகப் பிரித்து நடுப்பங்கில் நாக்கு என்பது கணக்கு. முக்கால் இன்ச் என்றால் ஆறு நூல். மூன்றில் ஒன்று இரண்டு நூல். முதலில் வாங்கச் சொன்ன கால் இன்ச் உளியின் அகலமும் அதுவேதான். துளையின் அகலத்தை உளியே தீர்மானிக்கட்டும். நீங்கள் அளக்க வேண்டாம்.

எப்போதும் துளையை முதலில் வெட்டுங்கள், நாக்கைப் பிறகு. துளைக்குள் போய்ச் சீவித் திருத்துவது கடினம். நாக்கைச் சீவுவது சுலபம். பென்சில் கோட்டை நம்பாமல் கத்தி முனையால் கோடு போடுங்கள். கத்திக்கோட்டில் உளியை வைத்தால் அது தானாகவே போய் உட்காரும். கையால் அழுத்தினால் நாக்கு பாதி நுழைய வேண்டும், மீதி கொட்டாப்புளியின் இரண்டு மெல்லிய தட்டில் இறங்க வேண்டும். அதுதான் பதம். ஓங்கி அடித்தால்தான் நுழைகிறது என்றால் துளை பிளந்துவிடும்.

பசை மேல் நம்பிக்கை இல்லாத இடத்தில், கதவு, ஜன்னல் செய்கிற ஆசாரிமார் செய்வதுபோல் மூங்கில் ஆணி அடியுங்கள். நாக்கில் போடும் துளையை, நாக்கு தொடங்கும் தோள் பக்கமாகக் கால் நூல் தள்ளிப் போட்டால் ஆணி இறங்க இறங்க இணைப்பு இழுத்து மூடிக்கொள்ளும். கிளாம்ப்கூடத் தேவைப்படாது. துருவும் கிடையாது. மலைவீட்டு ஜன்னலுக்கு இதற்கு ஈடான ஒன்றை நான் கண்டதில்லை.

புறாவால் இணைப்பு?

புறாவின் வால்போல் விரிந்த பற்களை வெட்டிக் கோக்கும் இந்த இணைப்பு டிராயருக்கு மட்டும். நாக்கு-துளை கைக்கு வந்தபின் பழகிக்கொள்ளலாம்.

ஊட்டிக் குளிரில் ஃபெவிகால் சரியாகப் பிடிக்குமா?

வெள்ளைப் பசை ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே சரியான படலமாக உறையாது. காய்ந்தபின் ஓரத்தில் சுண்ணாம்புபோல் வெள்ளையாகப் பொடிந்தால் அது குளிரில் கெட்ட பசை, பலம் இருக்காது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவில் ஷெட்டில் ஒட்டிவிட்டுப் போகாதீர்கள். பசை டப்பா மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் போதாது, மரமும் குளிர் விட்டிருக்க வேண்டும். இரண்டையும் முந்தின நாளே அடுப்படியில் கொண்டுவந்து வைத்து, பகலில் ஒட்டி, மறுநாள் வரை கிளாம்பைக் கழற்றாமல் விடுங்கள். வெளிப் பொருளுக்குத் தண்ணீர் தாங்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

மலைப்பாதையில் ஏற்றி இறக்க, பிரித்து மாட்டும்படி செய்ய முடியுமா?

முடியும். கட்டிலுக்கு, சட்டத்தைக் காலோடு இறுக்கும் நீள போல்ட்டான பெட் போல்ட் அல்லது மரத்துக்குள் பதிக்கும் இன்செர்ட் நட்டும் போல்ட்டும். வெறும் திருகாணியை ஒவ்வொரு தடவையும் கழற்றி முடுக்கினால் மரத்தில் புரி தேய்ந்துவிடும். இரும்பே வேண்டாம் என்றால் நீள நாக்கை மறுபக்கம் வெளியே விட்டு, அதில் துளையிட்டு ஆப்பு அடிக்கும் பழைய முறை இருக்கிறது. மரம் சுருங்கித் தளர்ந்தால் ஆப்பை இன்னொரு தட்டுத் தட்டினால் போதும்.

பிளைவுட், எம்.டி.எஃப். என்றால்?

பிளைவுட் அகலவாக்கில் அசையாது என்பதால் திருகாணி, பசை இரண்டையும் பயமின்றிப் போடலாம். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் விளிம்பில் முன்துளை இல்லாமல் முடுக்கினால் பாளம் பாளமாக விரியும். ஈரச் சுவரை ஒட்டி எம்.டி.எஃப். வைக்கவே வைக்காதீர்கள்.

உளியும் ரம்பமும் துருப்பிடிக்கின்றன. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

நம் குளிரில் பாட்டிலிலேயே கட்டியாக நிற்கும், மெல்லிய படலமாகப் பரவாது. தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் நனைத்து, வேலை முடிந்ததும் துடைத்து வையுங்கள்.

தோட்டத்தில் நிற்கும் மரத்தை வெட்டிப் பயன்படுத்தலாமா?

கேட்காமல் வெட்டக் கூடாது. மலைப்பகுதிகளுக்கென்று 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பட்டா நிலத்து மரத்துக்கும் பொருந்தும். வனத்துறை அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிவிட்டுத்தான் ரம்பத்தைத் தொட வேண்டும். பழைய வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கும் காய்ந்த தேக்குச் சட்டங்களை விசாரியுங்கள். இணைப்பு வெட்ட அதைவிட நிதானமான மரம் கிடைக்காது. உள்ளே பழைய ஆணி இருக்கிறதா என்று காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு உளியை வையுங்கள்.

தாத்தா காலத்து நாற்காலி ஆடுகிறது. மூலையில் ஒரு திருகாணி போட்டு நிறுத்தலாமா?

தயவுசெய்து வேண்டாம். அந்த நாக்கு இன்னும் நன்றாகத்தான் இருக்கும், பசைதான் விட்டிருக்கும். திருகாணி நாக்கை நடுவில் பிளந்துவிட்டால் பிறகு சரிசெய்ய முழுச் சட்டத்தையே மாற்ற வேண்டும். கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி இணைப்பைக் கழற்றுங்கள். முதலில் மூங்கில் ஆணி இருக்கிறதா என்று பார்த்து அதை வெளியே தட்டுங்கள். மிகப் பழைய நாற்காலி என்றால் உள்ளே தோல், எலும்பு காய்ச்சி எடுத்த வஜ்ஜிரப் பசை இருக்கும்; சுடுதண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் இளகும். வெள்ளைப் பசையாக இருந்தால் முழுவதும் சுரண்டி எடுங்கள், ஏனென்றால் காய்ந்த வெள்ளைப் பசை மேல் புதுப் பசை பிடிக்காது. நாக்கு துளைக்குள் தளர்வாக இருந்தால், இழைப்புளியில் வந்த சுருளில் ஒரு துண்டை நாக்கின் கன்னத்தில் ஒட்டி, காய்ந்தபின் சீவி அளவுக்குக் கொண்டுவந்து, திரும்ப ஒட்டுங்கள்.

மூலைக்கு மூலை அளந்து இரண்டும் சமமா என்று பார்த்து, நான்கு காலும் சமதரையில் நிற்கும்படி வைத்துக் கிளாம்ப் போடுங்கள்.